மரச் சட்டத்தின் மேல் நிற்கும் கார்: 1967 மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்றின் மீளமைப்பு

2019 பெப்ரவரியில் தெற்கு லண்டனில் நான் வாங்கிய மொறிஸ் மைனர் ட்ரவலர், 1967ஆம் ஆண்டு வெளிவந்த கார். வெளிர்பச்சை உடல், 1098 சிசி இயந்திரம், பின்னால் அலமாரியைப் போல இரு பக்கமும் திறக்கும் இரட்டைக் கதவு, அதைச் சுற்றித் தேன் நிறத்தில் மினுங்கிய மரச் சட்டம். அந்த மினுக்கத்தை நம்பித்தான் விலை பேசினேன். பழுதுகளை நீக்கி, இன்றைய வீதிக்கு ஏற்றபடி சில மாற்றங்களையும் செய்து முடிக்க இருபத்தாறு மாதங்கள் சென்றன. வேலைகள் நடந்த ஒழுங்கையும், அந்த ஒழுங்கில் நான் விட்ட பிழையையும், ஒவ்வொரு முடிவுக்குமான காரணத்தையும் இங்கே பதிவுசெய்கிறேன். மரச் சட்டம் கொண்ட காரொன்றைத் திருத்த எடுக்கும் ஒருவருக்கு முதல் சில மாதங்களாவது இதனால் மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

மைனர் எங்கள் குடும்பத்துக்குப் புதிய காரல்ல. யாழ்ப்பாணத்தில் அப்பா வைத்திருந்தது அதன் நான்கு கதவு ரகம். 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்பட்ட கார்களுள் அதுவும் ஒன்று. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கராஜ் வைத்திருந்த மாமா இப்போது எனக்கு அருகில்தான் வசிக்கிறார். இந்த வேலை முழுவதிலும் அவருடைய கண்ணும் காதும் எனக்குத் துணையாக இருந்தன.

காரின் அமைப்பு

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தோன்றியதால் அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்திப் பார்த்தபின் அவர் மனம் நிறைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. இயந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையில் அந்த நான்கு அங்குலத்தை இன்றும் காணலாம். ட்ரவலர் என்ற பெயரில் பொருள் ஏற்றும் ரகம் 1953 ஒக்டோபரில் வந்தது. 1971 ஏப்ரல் வரை அது செய்யப்பட்டது.

ட்ரவலரின் முன்பாதி சாதாரண மைனரேதான்: இரும்புத் தகட்டால் ஆன உடல், முறுக்குத் தண்டில் அமைந்த முன் தாங்கல், பல்சட்ட ஸ்ரியறிங். முன் கதவுகளுக்குப் பின்னால் நிலைமை முற்றாக மாறுகிறது. அங்கே இரும்பாலான தரை மட்டும் தொடர்கிறது. அதன் ஓரங்களில் ஆஷ் மரத்தாலான அடிச் சட்டம் நட்டுப் பூட்டி நிறுத்தப்பட்டு, அதிலிருந்து தூண்களும் இடைச் சட்டமும் கூரைச் சட்டமும் எழுகின்றன. இடைவெளிகளை அலுமினியத் தகடுகள் அடைக்கின்றன. பின் கூரையும் அலுமினியமே. பின் சக்கரங்களை மூடும் இரும்பு மட்காடுகள்கூட மரத்தில்தான் பூட்டப்பட்டுள்ளன. ஆகவே, மரம் உக்கினால் அந்தக் காரின் எலும்பு உக்கிவிட்டதாகக் கொள்ள வேண்டும். பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையிலும் இந்த மரம் காரைத் தாங்கும் பாகமாகவே கணிக்கப்படுகிறது. உக்கல் கண்டால் கார் தேறாது.

மரக் கார் என்றதும் பலருக்கு நினைவில் வருவது அமெரிக்காவின் பெரிய ஸ்டேஷன் வேகன்கள். ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குப் பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிச்சென்ற வாகனங்களிலிருந்து பிறந்த பெயர் அது. ஃபோர்ட் நிறுவனம் 1929இலேயே அவற்றைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கி, மிச்சிகனின் அயன் மவுண்டனில் சொந்தக் காட்டு மரத்தையே பயன்படுத்தியது. 1950களில் அங்கே உடல் இரும்புக்கு மாறி, மரத்தின் இடத்தை மரவரி அச்சிட்ட ஒட்டுத்தாள் பிடித்துக்கொண்டது. அத்தகைய காரில் தாள் கிழிந்தால் தோற்றம் மட்டுமே கெடும். ட்ரவலரைத் திருத்துபவர் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர்கள் அதை மறந்திருந்தார்கள் என்பதுதான் நான் எதிர்கொண்ட பழுதுகளில் பெரும்பாலானவற்றின் வேர்.

ஆஷ் ஏன் தெரிவு செய்யப்பட்டது என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. அதிர்ச்சியை உள்வாங்கி, வளைந்து, முறியாமல் மீளும் மரம் அது. இங்கிலாந்தில் மண்வெட்டிப் பிடி, கோடரிப் பிடி, கிரிக்கெட் ஸ்டம்ப் எல்லாம் அதில்தான் செய்யப்பட்டன. ஆனால் ஈரத்தை அது தாங்காது. நம் ஊர்த் தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய்ச் சத்து இதில் இல்லை. ஆஷின் வைரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வெள்ளை மரத்துக்கும் உறுதியில் பெரிய வேறுபாடும் இல்லை. ஈரம் நூற்றுக்கு இருபது வீதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

வாங்கியபோது இருந்த நிலை

நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் பிரித்தானியாவில் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனினும் ட்ரவலர் போன்ற காருக்கு அது நன்மை செய்யவில்லை என்பதே என் கருத்து. அதற்கு முன்பு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒருவர் மரத்தைக் குத்திப் பார்ப்பார். இந்தக் காரை அதன்பின் யாரும் குத்திப் பார்த்திருக்கவில்லை.

மாமா வந்து பார்த்த முதல் நாளில் மூடியைத் திறக்கவில்லை, அடியில் குனியவும் இல்லை. "தம்பி, முதல்ல பின்கதவைச் சாத்து. எனக்குக் கேக்கட்டும்" என்றார். சாத்தினேன். உறுதியான சட்டத்தில் கதவு மோதும்போது வரும் தனிச் சத்தத்துக்குப் பதிலாக இரண்டு சத்தங்கள் வந்தன: கதவு மோதும் சத்தமும், அதைத் தொடர்ந்து மூலைத் தூண் அசைந்து அடியில் தட்டும் மெல்லிய சத்தமும். பிறகு ஒரு சிறிய திருகுளியை எடுத்து, இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே அடிச் சட்டத்தில் அழுத்தினார். பளபளக்கும் வார்னிஷ் படலம் கீறிக்கொள்ள, உளி மூன்று சென்ரிமீற்றர் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் ஈரமான தேயிலைத் தூளைப் போன்ற பொருள் ஒட்டியிருந்தது. மரத்தின் இடத்தில் பாதிக்கு மேல் மக்கு அடைத்து, மரவரியும் தீட்டி, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள்.

நீர் வந்த வழியை அறிய ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. ட்ரவலரின் பக்கக் கண்ணாடிகள் நகர்த்தித் திறப்பவை. அவை ஓடும் தடத்தில் மழைநீர் தேங்குவது இயல்பு என்பதால் வடிதுளைகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் காரில் அந்தத் தடம் முழுவதும் பாசி முளைத்து, துளைகள் அடைபட்டிருந்தன. வெளியேற வழியில்லாத நீர் இடைச் சட்டத்தின் பொருத்துகளுக்குள் இறங்கி, தூண்களின் வெட்டுமுகம் (நார் குறுக்கே அறுபட்ட முனை) வழியாக அடிச் சட்டத்தை அடைந்திருக்கிறது. மரம் தன் நெடுக்கு நார்களின் வழியே உறிஞ்சும் நீரோடு ஒப்பிட்டால், பக்கவாட்டில் உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே வெட்டுமுகங்கள் எங்கெல்லாம் உள்ளனவோ அங்கெல்லாம் உக்கல் இருந்தது. கண்ணுக்கு அழகாகத் தெரியும் நீண்ட பக்கங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. மேலே பூசிய தடித்த வார்னிஷ், வெடிப்புகளின் வழியே நீரை உள்ளே விட்டு, உலரவிடாமல் மூடி வைத்திருந்தது. ஈரமானியை வைத்துப் பார்த்தபோது அடிச் சட்டங்கள் 24 முதல் 28 வீதம் வரை காட்டின. கூரைச் சட்டங்கள் 14 வீதத்தில் நின்றன.

இரும்பிலும் குறை இருந்தது. முன் தரைக்குக் குறுக்கே செல்லும் தாங்கி, கதவுகளுக்குக் கீழுள்ள படிப்பெட்டிகள், பின் அச்சைத் தாங்கும் வில் பட்டைகள் தொங்கும் இடங்கள் ஆகிய மூன்றும் மைனரில் கறள் பிடிப்பதற்குப் பேர்போன இடங்கள். இதில் மூன்றிலும் பிடித்திருந்தது.

ஒழுங்கு தவறியதால் வந்த இழப்பு

இந்த வேலையில் நான் விட்ட பெரிய பிழை மரத்தை முதலில் தொட்டது. உக்கிய மரத்தைக் கண்ட பதற்றத்தில், அளவெடுத்து அறுத்து விற்கப்படும் ஆஷ் சட்டத் தொகுதி ஒன்றை இடப்பக்கத்துக்கு வாங்கி, கூரையைக் கட்டைகளால் முட்டுக்கொடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்தினேன். பாகங்கள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. இரண்டு பொருத்துகளுக்குப் பசையும் இட்டேன். அதன்பின் பின்கதவைத் தொங்கவிட்டபோது, மேலே ஒன்பது மில்லிமீற்றர் இடைவெளியும் கீழே நான்கு மில்லிமீற்றர் இடைவெளியும் இருந்தன.

பிணைச்சலை மாற்றிப் பார்த்தேன். கதவைச் சீவலாமா என்றுகூட எண்ணினேன். அளவுநாடாவை மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்த பிறகே காரணம் விளங்கியது. இடப்பக்கப் பின் வில் பட்டையின் தொங்குமிடம் கறளால் பலமிழந்து, தரை அந்த மூலையில் ஆறு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. புதிய மரம் இறங்கிய தரைக்கு ஏற்பச் சரியாக நின்றது; தவறு தரையில் இருந்தது. பசை இறுகிவிட்டதால் அந்த இரண்டு பொருத்துகளையும் அறுத்தே பிரிக்க நேர்ந்தது. தூண் ஒன்றும் அடிச் சட்டம் ஒன்றும் வீணாகின.

அதன்பின் முறையை மாற்றினேன். எஞ்சியிருந்த வலப்பக்க மரத்தைக் கழற்றாமல், கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை இறுக்கி உடலை நிலைநிறுத்தி, குறுக்குத் தாங்கி, படிப்பெட்டி, தொங்குமிடம் மூன்றையும் வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்து வெல்டிங் செய்வித்தோம். மூலைக்கு மூலை அளவு இரு பக்கமும் இரண்டு மில்லிமீற்றருக்குள் ஒத்துவரும் வரை மரத்தைத் தொடவில்லை. முன் மட்காடுகளையும் இக்காலத்தில் மாற்றினேன். பாத் நகரில் மொறிஸ் மைனர் மையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயார் 1990களில் இலங்கையின் காலிப் பகுதியில் மைனர் பாகங்கள் செய்யும் தொழிலுக்கு வழிசெய்தார். இங்கிலாந்தில் பிறந்த காருக்கு நம் தீவின் கைகள் தகடு அடித்துக் கொடுத்தன என்ற செய்தி, மட்காடுகளைப் பூட்டிய அந்த நாட்களில் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

மரவேலை

இரண்டாம் முறை மரத்தைத் தொட்டபோது, எதை மாற்றுவது, எதைக் காப்பது என்று முதலில் பிரித்தேன். கூரைச் சட்டங்கள் இரண்டும் தொழிற்சாலையில் வைத்தவை. அவை உறுதியாக இருந்ததால் காத்தேன். இரும்புத் திருகாணிகளைச் சுற்றிப் பதிந்திருந்த கருநீலக் கறைகளை ஒக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசி எடுத்தேன். அது நஞ்சுள்ளது, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, முடிந்ததும் பலமுறை கழுவ வேண்டும். அடிச் சட்டங்கள், மூலைத் தூண்கள், சக்கர வளைவுச் சட்டங்கள், பின்கதவுகளின் அடிக்கட்டைகள் எல்லாம் புதியவை.

நல்ல ஆஷ் கிடைப்பதே இனிச் சிரமமாகலாம். ஆஷ் மரங்களை நுனியிலிருந்து காயவைக்கும் பூஞ்சை நோய் 2012இல் பிரித்தானியாவில் உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் காடுகளிலும் வேலியோரங்களிலும் எண்ணற்ற மரங்கள் பட்டுப்போயின. எங்கள் மரத்தை அறுத்துத் தந்த தச்சர், நேரான நாருள்ள, நன்கு உலர்ந்த பலகைகளைத் தனியே எடுத்து வைத்திருந்தார். மூலைத் தூணின் வளைவுக்கு, நார் அந்த வளைவோடு ஒத்து ஓடும் பலகையைத் தேட அவர் ஒரு முழுக் காலைப் பொழுதைச் செலவிட்டார். நார் குறுக்கே வெட்டுப்பட்டால் தூண் அந்த இடத்தில் பிளக்கும் என்பதால், அந்தக் காலைப் பொழுது வீண் என்று நான் ஒருபோதும் எண்ணவில்லை.

பசையில்லாமல் மூன்று முறை முழுச் சட்டத்தையும் பூட்டிக் கழற்றினோம். மூன்று முறையும் கதவுகளைத் தொங்கவிட்டு, கண்ணாடித் தடங்களை வைத்து, அலுமினியத் தகடுகளையும் பொருத்திப் பார்த்தோம். மூன்றாம் முறை கதவு இடைவெளி மேலும் கீழும் ஐந்து மில்லிமீற்றராக நின்றது. அதன்பின்பே பசை. பூட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு பாகத்தின் வெட்டுமுகத்துக்கும், நாக்கும் துளையும் சேரும் மறைவான முகங்களுக்கும் மூன்று முறை காப்புப் பூச்சு இட்டேன். பசை பிடிக்க வேண்டிய பரப்பை மட்டும் நாடா ஒட்டி விட்டுவைத்தேன். கார் பூட்டி முடிந்த பிறகு எந்தத் தூரிகையாலும் எட்ட முடியாத இடங்கள் இவை. உக்கல் தொடங்குவதும் இவற்றில்தான்.

அலுமினியத் தகடுகளுக்கு இறுகிப்போகாத, என்றும் மென்மையாக இருக்கும் அடைப்புப் பசையைப் பயன்படுத்தினேன். மரம் குளிரிலும் வெயிலிலும் சுருங்கி விரியும். இறுகும் பசை அந்த அசைவில் வெடித்து நீருக்கு வழிவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே எங்கும். ஆனால் அந்த எஃகும் ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபடும் என்பதால், ஒவ்வொரு திருகாணியையும் பசையில் தோய்த்தே முறுக்கினேன். வடிதுளைகளைப் பழைய அளவிலிருந்து சற்றுப் பெருப்பித்து, உட்புறத்துக்கும் பூச்சிட்டேன்.

மேற்பூச்சைப் பற்றி ட்ரவலர் வைத்திருப்போரிடையே முடிவில்லாத விவாதம் உண்டு. படகுகளுக்குப் பூசும் கண்ணாடி போன்ற வார்னிஷ் பார்வைக்கு ஈடற்றது. எனினும் அதன் ஒரு சிறு வெடிப்பு என்ன செய்யும் என்பதை அந்தத் தேயிலைத் தூளில் நான் கண்டிருந்தேன். ஆகவே, ஈரத்தை மெல்ல வெளிவிடும் நுண்துளைப் பூச்சையே தெரிவு செய்தேன். மினுக்கம் குறைவு, ஆண்டுதோறும் கழுவி, தேய்ந்த இடங்களில் மீண்டும் பூச வேண்டும். அந்த வேலையை ஏற்காதவருக்கு இந்தக் கார் பொருந்தாது என்றே கூறுவேன்.

மாற்றங்கள்

பின்னால் வரும் ஒருவர் கழற்றிவிட்டு, பழையதைத் திரும்பப் பூட்டக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்வது என்று தீர்மானித்தேன். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். காரின் இரும்பு அடித்தளம், அச்சுகள், இயந்திரம் ஆகியவற்றின் தொழில்நுட்ப இயல்பை மாற்றும் பெரிய மாற்றங்கள் பழம்பெரும் வாகனத்துக்குரிய சலுகையைப் பாதிக்கலாம். அதே அடிப்படை இயந்திரத்தின் வேறு கொள்ளளவு அத்தகைய மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை.

ஆகவே 48 குதிரைவலுக் கொண்ட 1098 சிசி இயந்திரத்துக்குப் பதிலாக, ஏ-வரிசை என்ற அதே இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்த 1275 சிசி இயந்திரத்தை வைத்தேன். ஈயமில்லாப் பெற்றோலுக்கு ஏற்றபடி அதன் வால்வு இருக்கைகள் கடினமாக்கப்பட்டன. பழைய இயந்திரம் எண்ணெய் தடவி, போர்த்து, கராஜின் மூலையில் இருக்கிறது. வேகம் கூடினால் நிறுத்தும் வலுவும் கூட வேண்டும். முன் சக்கரங்களுக்கு மொறிஸ் மரீனா என்ற காரின் தட்டு பிறேக்குகளைப் பொருத்தினேன். மரீனாவின் முன் தாங்கல் மைனரிலிருந்தே வளர்ந்தது என்பதால் அது அந்நியமான பாகமல்ல. பிறேக்கின் தலைமை உருளை ஓட்டுநரின் காலடியில், இரும்பு அடித்தளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் மூடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றவே ஒரு நாள் சென்றது. முன் சக்கரத் திருகு முளைகளையும் இதே வேளையில் புதுப்பித்தேன். கிறீஸ் இல்லாமல் அவற்றின் மரை தேய்ந்தால் சக்கரம் மடிந்து விழும். மைனரின் மிக ஆபத்தான பழுது அது.

டைனமோவை எடுத்து ஆல்ட்டர்னேற்றர் வைத்ததால், உடலோடு நேர்முனை இணைந்திருந்த பழைய மின்னமைப்பை எதிர்முனைக்கு மாற்றினேன். ஐந்து கியர்ப் பெட்டி வைக்கும்படி பலர் சொன்னார்கள். என் பயணங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அதிகம் யோசித்தது பின் இருக்கைப் பட்டிகளைப் பற்றித்தான். என் மகளின் பிள்ளைகள் அந்த இருக்கையில் அமர்கிறார்கள். முன் இருக்கைகளுக்கு இரும்புத் தூணில் இடம் உண்டு. பின்னால் தோளுயரத்தில் இருப்பது மரம் மட்டுமே. மோதலில் ஓர் ஆளின் பாரத்தை இழுக்கும் பட்டியை மரத் தூணில் முறுக்க எனக்குத் துணிவு வரவில்லை. தரையின் இரும்பில், அடியில் பலத் தகடு வைத்து, இடுப்புப் பட்டிகளைப் பூட்டினேன். தோள்பட்டியின் பாதுகாப்பு அதில் இல்லை என்பதால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு நான் போவதில்லை.

மிஞ்சிய ஆஷ் துண்டுகளை அடுக்கி, பின்தளத்துக்குக் கழற்றக்கூடிய சட்டப் பலகை ஒன்று செய்தேன். தோற்றத்துக்காகச் செய்த ஒரே மாற்றம் அதுதான்.

இரண்டு குளிர்காலங்களின் பின்

2021 வசந்தத்தில் கார் வீதிக்கு வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பத்து வீதம் வரை எத்தனோல் கலந்த பெற்றோல் பிரித்தானியாவில் வழக்கத்துக்கு வந்ததால், எரிபொருள் குழாய்களின் ரப்பரை அதற்கு ஈடுகொடுக்கும் வகைக்கு மாற்றினேன். ஒவ்வொரு மாதமும் பத்து இடங்களில் ஈரமானி வைத்துக் குறித்துவருகிறேன். முதல் குளிர்காலத்தில் எல்லா இடங்களும் 13 முதல் 15 வீதத்துக்குள் நின்றன. 2023 பெப்ரவரியில் வலப்பக்கப் பின்கதவின் அடிக்கட்டை மட்டும் 19 வீதத்தைத் தொட்டது.

அந்தக் கதவைக் கழற்றி, அலுமினியத் தகட்டின் கீழ் விளிம்பை மெல்ல விலக்கிப் பார்த்தேன். அடைப்புப் பசையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது; நான் பசை இட்டபோது தூரிகையை மாற்ற நின்ற இடமாக அது இருக்க வேண்டும். மரம் கருமை அடையத் தொடங்கியிருந்தது, ஆனால் திருகுளி இறங்கவில்லை. கதவை வீட்டுக்குள் நிமிர்த்தி வைத்து ஆறு வாரம் உலரவிட்டு, 13 வீதத்துக்கு இறங்கிய பின் புதிதாகப் பசை இட்டு, அடிக்கட்டையின் கீழே கூடுதலாக ஒரு வடிதுளை இட்டுப் பூட்டினேன். மாமா வந்து கதவைச் சாத்தச் சொன்னார். ஒரு சத்தம்தான் வந்தது.